மேட்டுல நிக்கிற மேப்பிள் மட்டும் ஏன் தலை காயுது?

மேப்பிள்மேடு

எல்லாருக்கும் வணக்கம். இங்க பெரும்பாலும் தக்காளி, கறிவேப்பிலை, தொட்டியில மல்லிகைன்னுதான் பேச்சு ஓடும். நான் கேக்க வந்தது 80 அடி மரத்தைப் பத்தி. கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நாங்க இருக்கிறது நியூ ஹாம்ப்ஷயர், ஒயிட் மவுண்டன்ஸுக்குத் தெற்கே. 2017-ல வீட்டோட சேர்த்து 22 ஏக்கர் காடு வாங்கினோம். நிலம் நாமம் போட்ட மாதிரி ஒல்லியா, நீளமா மலைமேல ஏறுது. ரோட்டோரம் இருக்கிற கீழ் எல்லை 1,300 அடி, மேல் எல்லை 2,050 அடி. கீழேயிருந்து மேல வரைக்கும் சுகர் மேப்பிள்தான் அதிகம். நடுநடுவே யெல்லோ பிர்ச், பீச், கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஆஷ்.

எனக்கு மரம் பத்தி ஒண்ணும் தெரியாது. பகல்ல டேட்டாபேஸ் வேலை. ஆனா பக்கத்து நிலத்துப் பெரியவர் (80 வயசு தாண்டியாச்சு, இன்னும் செயின்சா தூக்குறார்) சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு பிப்ரவரி கடைசியிலயும் 40 மரத்துல துளை போட்டுச் சாறு எடுக்கிறோம். 40 லிட்டர் சாறு காய்ச்சினா ஒரு லிட்டர் சிரப். ராத்திரி முழுக்க விறகு தள்ளிட்டு உட்கார்ந்திருப்பேன். என் சம்சாரம் இதை “உங்க கரும்பாலை”ம்பா.

விஷயத்துக்கு வரேன். கீழ்ப் பாதி மரமெல்லாம் நல்லா இருக்கு. சுமாரா 1,800 அடிக்கு மேல போனா கதையே வேற. உச்சிக் கிளை நுனி காய்ஞ்சு, வருஷா வருஷம் கீழே இறங்கிட்டு வருது. இலை சின்னது. ஆகஸ்ட் நடுவுலயே சிவக்க ஆரம்பிச்சிடுது. விருந்தாளிங்க “ஆஹா, என்ன கலர்”ங்கறாங்க, எனக்கு வயித்தைக் கலக்குது. அண்ணாந்து பார்த்தா இலைக்கு நடுவுல வானம் தெரியுது. கீழே இருக்கிற மரத்துல அப்படித் தெரியாது.

இன்னொண்ணு. சாறு எடுக்கப் போட்ட துளை கீழ் மரத்துல இரண்டு மூணு வருஷத்துல மூடிக்குது, இடமே தேடிக் கண்டுபிடிக்கணும். மேல 2019-ல போட்ட துளை இன்னும் வாயைப் பிளந்துட்டு இருக்கு. அதனால மேல துளை போடுறதையே நிறுத்திட்டேன்.

மேப்பிள் கன்னும் மேல வர மாட்டேங்குது. பெரிய மேப்பிளுக்கு அடியில பார்த்தா முழுக்க பீச் கன்னுங்கதான், இடுப்பளவுக்கு வேலி மாதிரி.

பெரியவர்கிட்ட கேட்டா ஒரே வார்த்தை: “ஆசிட் மழை.” வந்து பார்த்த ஒரு வன ஆலோசகர் “மரத்துக்கு வயசாயிடுச்சு, வெட்டி வித்துடுங்க”ன்னுட்டுப் போனார். ஆனா கீழே இருக்கிறதும் அதே வயசு மரம்தானே?

என் கேள்வி மூணு.

ஆசிட் மழை 90-கள்லயே நின்னு போன விஷயம் இல்லையா? ஸ்கூல் புத்தகத்துல படிச்சதோட சரி.

ஒரே மழைதானே மேலயும் கீழயும் பெய்யுது? 750 அடி வித்தியாசத்துல என்ன ஆயிடும்?

சுண்ணாம்பு போட்டா சரியாகுமா?

பின்குறிப்பு: என் பொண்ணுக்கு 9 வயசு. நத்தை ஓடு பொறுக்குறது அவ வேலை. மேல காட்டுல ஒண்ணுமே கிடைக்கிறதில்லைன்னு கீழேயே சுத்துறா. அதனால மேல என்னோட துணைக்கு வர ஆள் இல்ல. இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொன்னேன்.

---

கோடாலி

நான் கனெக்டிகட்ல லைசென்ஸ் வாங்கி மர வேலை செய்யறவன். ஒரு எச்சரிக்கை: நியூ இங்கிலாந்துல எந்த மரம் செத்தாலும் “ஆசிட் மழை”ன்னு சொல்றது பெருசுங்களோட பழக்கம். 2016-ல வறட்சி, 2020-ல மறுபடி வறட்சி. மேட்டுல மண் ஆழம் கம்மி, தண்ணி நிக்காது. இதுக்கு முன்னாடி 1998 ஜனவரியில வந்த ஐஸ் புயல் அந்தப் பக்கம் எத்தனையோ மரத்தோட தலையை உடைச்சிருக்கு. அதோட டென்ட் கேட்டர்பில்லர் மாதிரி புழு இரண்டு வருஷம் தொடர்ந்து இலையைத் தின்னா எந்த மேப்பிளும் தள்ளாடும். முதல்ல இதையெல்லாம் பாருங்க. மழையை அப்புறம் பழி சொல்லலாம்.

மேல துளை போடுறதை நிறுத்தினது நல்ல முடிவு. அதை மட்டும் மாத்தாதீங்க.

---

மண்ணுக்காரி

தம்பி, சம்பந்தம் இல்லைன்னு கடைசியா ஒரு வரி போட்டீங்களே, அந்த நத்தைதான் உங்க பதிவுலயே முக்கியமான சாட்சி. அதுக்கு வரேன்.

நான் இந்த வடகிழக்குப் பக்கம் ஒரு மண் ஆய்வகத்துல 11 வருஷம் வேலை பார்த்தவ. மண்ணைச் சலிச்சு, காய வச்சு, கரைச்சு, அளந்து எழுதற வேலை. ஆராய்ச்சியாளர் இல்ல, அவங்களுக்கு எடுபிடி. ஆனா எந்த மலையிலிருந்து வந்த பை எதுன்னு லேபிள் பார்க்காமலே சொல்ற அளவுக்குக் கை பழகிடுச்சு.

முதல்ல உங்க இரண்டாவது கேள்வி. உயரம்னதும் எல்லாரும் மேகத்தைச் சொல்லுவாங்க. அது உண்மைதான். மேகத்துல இருக்கிற துளி பொடித்துளி, தண்ணி கம்மி, அமிலம் கெட்டியா இருக்கும். அமில மழை உச்சத்துல இருந்த காலத்துல அது மழையை விடப் பல மடங்கு புளிப்பு. நியூயார்க்ல அடிரொண்டாக் பக்கம் ஒயிட்ஃபேஸ்னு 4,867 அடி மலை. அதோட உச்சியில மேகத்தண்ணியைப் பிடிச்சு அளக்கவே ஒரு நிலையம் இருக்கு. மேகம் மரத்துமேல நாள்கணக்குல படுத்துக் கிடக்கிற உயரத்துல இலை, மொட்டு எல்லாம் அதுலயே ஊறும். ஆனா அதுல அடி வாங்கினது முக்கியமா ரெட் ஸ்ப்ரூஸ். அது ஊசியிலை மரம், உங்க மேப்பிள் நிக்கிற பட்டைக்கு மேல இருக்கிறது. 2,050 அடின்னா நீங்க இன்னும் அந்த மேகப் பட்டைக்குள்ள சரியா ஏறவே இல்ல. அதனால உங்க விஷயத்துல மேகம் சில்லறைக் கணக்கு. பெரிய கணக்கு காலுக்குக் கீழே இருக்கு.

அமில மழை மேப்பிள் இலையைப் பொசுக்கிக் கொல்றதில்ல. அது மண்ணைக் கொள்ளையடிக்குது. எப்படின்னா, நிலக்கரி எரிச்சா வர கந்தகம் மழையில சல்பேட்டா இறங்குது. வண்டிப் புகையிலயும் ஆலைப் புகையிலயும் வர நைட்ரஜன் நைட்ரேட்டா இறங்குது. இது இரண்டும் எதிர்மின் சுமை உள்ளது. மண்ணுக்குள்ள இறங்கி ஓடைக்குப் போகும்போது தனியாப் போகாது. நேர்மின் உள்ள ஒரு துணையைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுத்தான் போகும். முதல்ல மாட்டுறது கால்சியம், மக்னீசியம். மண்துகள்ல லேசா ஒட்டிட்டு இருக்கிற அந்த இருப்புதான் மரம் தின்னுட்டு இருந்த சாப்பாடு. அது தீர்ந்து மண்ணோட பி.எச். (புளிப்பைச் சொல்ற எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே போனா, அதுவரைக்கும் கல்லுக்குள்ள சும்மா கிடந்த அலுமினியம் கரைஞ்சு வெளியே வரும். அது வேர் நுனியில உட்கார்ந்துட்டு, மிச்சம் இருக்கிற கால்சியத்தையும் உள்ளே விடாது. கடையில சரக்கும் இல்ல, வாசல்ல அடியாளும் நிக்கிறான். அதுதான் உங்க மேல் காடு.

இப்ப மேடு, பள்ளம். மேல மண் ஒல்லி, பாறை பக்கத்துல இருக்கு. பெய்ற தண்ணி சர்ருன்னு வடிஞ்சிடும், போகும்போது எடுத்துட்டுப் போகும். அந்தத் தண்ணி பாறை இடுக்கு, ஆழமான மண்ணு வழியா மெதுவா ஊர்ந்து, வழியில கரைச்சதையெல்லாம் கொண்டுவந்து அடிவாரத்துல ஊத்துது. மேலத் தெரு வீட்டுல களவு போனது கீழத் தெருவுல வந்து சேருது. அதனாலதான் ஒரே மழை, ஒரே வயசு மரம், இரண்டு விதி.

இது உங்க மலையில மட்டும் நடக்கிற கதை இல்ல. பென்சில்வேனியாவோட வடபகுதியில அலகேனி பீடபூமின்னு ஒண்ணு. 1980-கள்ல அங்க சுகர் மேப்பிள் கூட்டம் கூட்டமாக் காய ஆரம்பிச்சுது. அலசிப் பார்த்தா, அடி வாங்கினதுல பெரும்பாலும் மேட்டுச் சரிவுல நின்ன மரம். அதுலயும் பனிப்பாறை எட்டாத பகுதி. பனியுகத்துல பனிப்பாறை வந்துபோன இடத்துல புதுப் பாறையை அரைச்சுப் பொடி பண்ணி விட்டுட்டுப் போயிருக்கு, மண்ணுல இன்னும் சத்து இருக்கு. எட்டாத இடத்து மண்ணு லட்சக்கணக்கான வருஷமா மழையில கழுவி ஏற்கனவே வெறும் சக்கை. அது மேல அமில மழையும் பெய்ஞ்சா?

கோடாலி அண்ணே, நீங்க சொன்னதுக்கும் அதுலயே பதில் இருக்கு. புழு தின்ன எல்லா மரமும் சாகல. இலையில மக்னீசியம் கம்மியா இருந்து, பத்து வருஷத்துக்குள்ள புழு இரண்டு தடவை நல்லாத் தின்ன மரம்தான் செத்தது. சத்து இருந்த மரம் அதே புழுவைத் தாங்கி மறுபடி துளிர்த்துது. வறட்சி, ஐஸ் புயல் எல்லாம் அப்படித்தான். கடைசி அடி யார் அடிச்சாங்கன்னு கேட்டா நீங்க சொன்னது சரி. அடி வாங்குற உடம்பு ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டா பெரியவர் சொன்னது சரி.

முதல் கேள்விக்கு வரேன். உங்க வீட்டிலிருந்து கார்ல கொஞ்ச தூரத்துலயே ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காடு இருக்கு, தெரியுமா? 1963-லிருந்து அங்க மழையையும் ஓடையையும் விடாம அளக்குறாங்க. ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆரம்பிச்ச வேலை. வட அமெரிக்காவுல அமில மழைங்கிற பேச்சே அந்தக் காட்டு மழைமானியிலிருந்து வந்ததுன்னு சொல்லலாம். அப்போ அங்க மழையோட பி.எச். 4-ஐ ஒட்டி இருந்துது. சுத்தமான மழை 5.6 பக்கம் இருக்கும். 4.1-க்கும் 5.6-க்கும் ஒண்ணரைதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஒரு எண் இறங்கினா அமிலம் 10 மடங்கு. ஒண்ணரை இறங்கினா 30 மடங்கு.

1990-ல அமெரிக்கா சுத்தக் காற்றுச் சட்டத்தைத் திருத்தினப்புறம் மின்நிலையங்கள் விடுற கந்தக டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாச்சு. மழை நல்லாவே தேறிடுச்சு. அந்த வகையில நீங்க ஸ்கூல்ல படிச்சது சரிதான். ஆனா போன கால்சியம் வானத்துலிருந்து திரும்பி வராது. பாறை கரைஞ்சுதான் வரணும். கிரானைட் பாறை கரையற வேகம் உங்களுக்கும் எனக்கும் ஆகிற கதை இல்ல. 1996-லயே லைக்கன்ஸ் குழு இதைத்தான் எழுதினாங்க: மழை தேறிடுச்சு, ஓடை தேற மாட்டேங்குது, ஏன்னா மண்ணோட இருப்பு காலி.

அதை நிரூபிக்க அவங்க செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1999 அக்டோபர்ல, 11.8 ஹெக்டேர் இருக்கிற ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதி மேல ஹெலிகாப்டர்ல கால்சியம் தூவினாங்க. சுண்ணாம்பு இல்ல, வொலாஸ்டனைட்னு ஒரு கனிமம். அதுல கால்சியமும் சிலிக்காவும்தான். 40 டன்னுக்கு மேல. பொடியாப் போட்டா காத்துல பறந்துடும்னு குருணையா உருட்டிப் போட்டாங்க. போன 50 வருஷத்துல மழை எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தா என்ன ஆகும்னு பார்க்கத்தான். சில வருஷத்துல சுகர் மேப்பிளோட தலை அடர்த்தியாச்சு, கன்னு அதிகமா முளைச்சுது, பெரிய மரமும் வேகமாப் பெருத்துது. தூவாத பக்கத்து ஓடைக்காட்டுல அது எதுவும் இல்ல.

உங்க துளைக்கதைக்கும் பதில் அங்கேயே இருக்கு. அதே காட்டுல சின்னச் சின்னத் துண்டு நிலத்துல கால்சியம் போட்டும், அலுமினியம் போட்டும் பார்த்தாங்க. கால்சியம் கிடைச்ச மேப்பிள் காயத்தைச் சீக்கிரம் மூடிச்சு. மரத்துக்குப் புது செல் சுவர் கட்டக் கால்சியம் வேணும். செங்கல் இருக்கு, சிமெண்ட் இல்லைன்னா கொத்தனார் என்ன செய்வார்? உங்க 2019 துளை வாயைப் பிளந்துட்டு நிக்கிறதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே வரல.

நத்தையும் அதே கதைதான். ஓடு கட்டக் கால்சியம் வேணும். காட்டு நத்தைக்கு அது சருகுலயும் மண்ணுலயும்தான் கிடைக்கும். ஹப்பர்ட் புரூக்ல கால்சியம் தூவின இடத்துல நத்தை பெருகினதையும் எண்ணி எழுதியிருக்காங்க. 9 வயசுல உங்க பொண்ணு செலவில்லாம மண் பரிசோதனை செஞ்சுட்டு இருக்கா. நீங்க கவனிக்கல.

பீச் வேலியும் சாட்சிதான். பீச்சுக்குக் கால்சியம் அவ்வளவு வேணாம், புளிச்ச மண்ணுல சந்தோஷமா இருக்கும். வேரிலிருந்தே கன்னு விடும், மானும் அதைச் சீண்டாது. மேப்பிள் விட்ட இடத்தை அது பிடிக்குது. ரெட் மேப்பிளும் அப்படியே. ஆஷ் மட்டும் மேப்பிளை விடச் சத்து கேக்கிற ஜாதி. உங்க ஆஷ் எல்லாம் கீழேயே நிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

இவ்வளவு பேசினாலும், அளக்காம முடிவு கட்டாதீங்க. முதல்ல மண்வெட்டியை எடுங்க. மேல ஒண்ணு, கீழே ஒண்ணு, முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி இரண்டையும் போட்டோ போடுங்க. அப்புறம் இலைப் பரிசோதனை. மண் பரிசோதனையை விட அதுதான் பேசும். ஆகஸ்ட்ல, வெயில் படுற உச்சி இலையைத்தான் எடுக்கணும். ஏறி எடுக்க முடியாது. ஆராய்ச்சிக்காரங்க துப்பாக்கியால கிளையைச் சுட்டு விழத்தட்டுவாங்க, நிஜமாத்தான். நீங்க புயலடிச்ச மறுநாள் கீழே விழுந்த பச்சைக் கிளையைப் பார்த்துக்குங்க. மக்னீசியம் கிலோவுக்கு 700 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, மாங்கனீசு எக்கச்சக்கமா இருந்தா சந்தேகமே வேண்டாம்.

---

குன்னூர்க்காரன்

அக்கா எழுதினதைப் படிச்சதும் எஸ்டேட் ஞாபகம் வந்துடுச்சு. அப்பா தேயிலைத் தோட்டத்துல ஃபீல்டு ஆபீசர். தேயிலைக்குப் புளிச்ச மண்ணுதான் பிடிக்கும், ஆனா அமோனியம் சல்பேட் போட்டுப் போட்டு அளவுக்கு மேல புளிச்சுப் போயிடும். கவாத்து வெட்டுற வருஷம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போடுவாங்க. மூட்டை மூட்டையா மேட்டுக்குத் தலைச்சுமையாப் போகும். சரிவுல மேல் வரிசைச் செடிதான் முதல்ல மஞ்சளிக்கும்னு அப்பா சொல்லுவார்.

ஒரு விஷயம் மட்டும்: டோலமைட் போட்ட மறுமாசம் பலன் தெரியும்னு நினைக்காதீங்க. மண்ணுக்குள்ள இறங்கவே அது மாசக்கணக்குல எடுத்துக்கும்.

---

மேப்பிள்மேடு

அக்கா, உங்க பதிலை மூணு தடவை படிச்சேன், ஒரு தடவை பெரியவர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டினேன். “நாப்பது வருஷமா இதைத்தானே சொல்றேன்”னுட்டு செயின்சாவை ஸ்டார்ட் பண்ணிட்டார்.

சனிக்கிழமை குழி வெட்டினேன். போட்டோ ஏத்த முடியல, வார்த்தையில சொல்றேன்.

கீழ்க் குழி: மேல கொஞ்சம் சருகு, அதுக்குக் கீழே உடனே கருப்பு மண்ணு. கையில எடுத்தா பொலபொலன்னு உதிருது. மண்புழு இருக்கு. ஒரு முழம் வரைக்கும் மண்வெட்டி வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்குச்சு. குழியில கொஞ்ச நேரத்துல தண்ணி கசிஞ்சுது.

மேல்க் குழி: முதல்ல ஒரு சாண் உயரத்துக்கு மெத்தை மாதிரி மக்காத சருகும் சல்லி வேரும் பின்னிக் கிடக்கு. வெட்டினா பாய் கிழியற சத்தம். அதுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு சாம்பல் வெள்ளை, திருநீறு பூசின மாதிரி. அதுல வேரே இல்ல. அதுக்கும் கீழே திடீர்னு துருப்பிடிச்ச சிவப்பு. அப்புறம் “ணங்”. பாறை. மொத்தமே ஒண்ணேகால் அடி.

நத்தைக்கும் முறையா ஒரு கணக்கு எடுத்தோம். பொண்ணுதான் விதி போட்டா: அரை மணி நேரம், விழுந்த மரத்துக்கு அடியில மட்டும், இரண்டு பேரும் தேடணும். கீழே 23. மேல 1. அந்த ஒண்ணும் காகிதம் மாதிரி, தொட்டதும் உடைஞ்சு போச்சு. அவ அழுதுட்டா.

22 ஏக்கருக்கும் ஹெலிகாப்டர் வைக்க வசதி இல்ல. மேல எனக்குப் பிடிச்ச ஆறு மரம் இருக்கு, அதுக்கு மட்டும் ஏதாவது செய்யலாம்னு பார்க்கிறேன். எவ்வளவு, எப்படின்னு சொல்லுங்க. சிரப் காய்ச்சின அடுப்புச் சாம்பல் இரண்டு டிரம் இருக்கு, அதைப் போடலாமா?

---

மண்ணுக்காரி

அந்த வெள்ளை அடுக்கைப் பார்த்து ரொம்பப் பயப்படாதீங்க. குளிர் நாட்டுக் காட்டு மண்ணுல அது இயற்கையாவே வரும், ஆசிட் மழைக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே உங்க மலையில இருந்திருக்கும். ஆனா ஒண்ணேகால் அடியில பாறைங்கிறது இழக்கிறதுக்கே கையிருப்பு இல்லாத வீடு. கீழ்க் குழியில தண்ணி கசிஞ்சுதுன்னீங்களே, மேல இருந்து வந்த சொத்து அதுலதான் வருது. மண்புழுவைப் பார்த்துப் பெருமைப்படாதீங்க, அது ஐரோப்பாவிலிருந்து வந்து ஒட்டிக்கிட்டது. பனிப்பாறை வந்துபோன இந்தப் பக்கத்துக்கு மண்புழு சொந்தமே இல்ல. அது தனிச் சண்டை.

அளவு. ஹப்பர்ட் புரூக்ல ஹெக்டேருக்குச் சுமார் மூணரை டன் போட்டாங்க, அதாவது சதுர மீட்டருக்கு 350 கிராம். பென்சில்வேனியாவுல 1985-ல தொடங்கின பரிசோதனையில ஹெக்டேருக்கு 22 டன்னுக்கு மேல டோலமைட் கொட்டினாங்க. அது மருந்து இல்ல, விருந்து. ஆனா சுகர் மேப்பிள் நல்லாத் தேறிச்சு. பக்கத்துல நின்ன பீச் கண்டுக்கவே இல்ல. பிளாக் செர்ரிக்கு மட்டும் ஒத்துக்கல, அது பின்வாங்கிடுச்சு. அதனால ஆறு மரத்தைச் சுத்தி செர்ரி இருந்தா யோசிச்சுப் போடுங்க.

உங்களுக்குச் சின்ன அளவே போதும். மரத்தோட குடை 10 மீட்டர் அகலம்னா கிட்டத்தட்ட 78 சதுர மீட்டர். 350 கிராம் வீதம் 27 கிலோ. கடையில 40 பவுண்டு சாக்கா வரும், அதுல ஒண்ணரைச் சாக்கு. ஆறு மரத்துக்கு ஒன்பது சாக்கு. 750 அடி ஏத்தத்துல நீங்கதான் தூக்கணும். குருணைச் சுண்ணாம்பா வாங்குங்க, டோலமைட்டா இருந்தா மக்னீசியமும் சேர்ந்து வரும். அடிமரத்துல குவிக்காதீங்க. வேர் வாய் அங்க இல்ல, குடை முழுக்கவும் குடைக்கு வெளியே கொஞ்சமும் பரவலாத் தூவுங்க. சருகைக் கிளறாதீங்க, சல்லி வேர் அதுக்குள்ளதான் இருக்கு.

சாம்பல் நல்லதுதான், கால்சியமும் பொட்டாசியமும் இருக்கு. மேப்பிளைக் காய்ச்சின சாம்பல் மேப்பிளுக்கே போறது நியாயமும்கூட. ஆனா அது சுண்ணாம்பை விட வேகமாப் பாயும், ஒரேயடியாக் கொட்டினா சல்லி வேர் பொசுங்கும். ரெண்டு வருஷமாப் பிரிச்சு, மழைக்கு முன்னாடி மெலிசாத் தூவுங்க. ஆணி, பெயின்ட் அடிச்ச பலகை எரிச்ச சாம்பல் கூடவே கூடாது.

ஆறு மரத்துல மூணுக்கு மட்டும் போடுங்க. மூணைச் சும்மா விடுங்க. மனசு கேக்காது, தெரியும். ஆனா ஆறுக்கும் போட்டுட்டு, நாலு வருஷம் கழிச்சு மரம் தேறினா அது சுண்ணாம்பா, நல்ல மழை பெய்ஞ்ச வருஷமான்னு கோடாலி அண்ணன் கேப்பார், உங்ககிட்ட பதில் இருக்காது.

---

கோடாலி

கேப்பேன்.

அக்கா சொன்ன புழுக் கணக்கை நான் ஒத்துக்கறேன். நானே பார்த்திருக்கேன், ஒரே தெருவுல ஒரே புழு, ஒரு மரம் மீண்டுச்சு, ஒண்ணு போயிடுச்சு. மண்ணை எடுத்துப் பார்க்கணும்னு அப்ப தோணல. சாக்கு தூக்க ஆள் வேணும்னா மே மாசம் ஒரு வார இறுதி நான் அந்தப் பக்கம் வருவேன். சிரப் கொடுத்தா போதும்.

---

மேப்பிள்மேடு

அண்ணே, ரெண்டு பாட்டில் எடுத்து வச்சாச்சு.

எந்த மூணு மரம்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பொண்ணு எடுத்தா. 2019 துளை இருக்கிற மரம் “சும்மா விடுற” பக்கம் விழுந்துடுச்சு. மாத்தலாம்னு பார்த்தேன், “அது ஏமாத்து”ங்கறா. ஆறு மரத்துலயும் துளையோட அகலத்தை ஸ்கேல் வச்சு அளந்து நோட்டுல எழுதியிருக்கா.

---

மண்ணுக்காரி

நோட்டைப் பத்திரமா வைங்க. நத்தை எண்ணிக்கையும் அடுத்த ஜூன்ல அதே விதிப்படி எடுக்கச் சொல்லுங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில தேடணும். வெயில் ஏறினா உள்ளே போயிடும், அப்புறம் கீழ் காட்டுலயும் ஒண்ணுகூடக் கிடைக்காது.